இந்தியப் பெண்களின் வாழ்க்கையைச் சொல்லும் நாவல்களில் உங்களை உலுக்கியது எது?

ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால், ஆஷாபூர்ணா தேவி வங்காளத்தில் எழுதிய 'பிரதம் பிரதிஸ்ருதி'. 1964இல் வெளியானது. தமிழில் 'முதல் சபதம்' என்று வந்திருக்கிறது. 1976ஆம் ஆண்டின் ஞானபீட விருது இதற்குத்தான். அந்த விருதைப் பெற்ற முதல் பெண்ணும் இவர்தான். பள்ளிக்கூடத்துக்கே போகாதவர்.

போன வருடம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. கொஞ்ச நாள் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், மத்தியான நேரத்தில் நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தனியாகப் படித்திருந்தால் இவ்வளவு தூரம் என்னைத் தொட்டிருக்குமா, தெரியவில்லை.

கதை நடப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில். எட்டு வயதில் கல்யாணமான சத்யவதி இன்னும் பிறந்த வீட்டில்தான் இருக்கிறாள். பெண்டாட்டியை அடிக்கிற உறவுக்காரன் ஒருவனைக் கேலி செய்து பாட்டுக் கட்டுகிறாள். ஒருவருக்கும் தெரியாமல் எழுதவும் கற்றுக்கொள்கிறாள். பொம்பளைப் பிள்ளை ஓலையைத் தொட்டால் பாவம் என்று வீடே அதிர்கிறது. சரஸ்வதியும் பெண்தானே என்று கேட்கிறாள்! அம்மா அந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

ஆனால் என்னை உலுக்கியது வேறொரு இடம். சத்யவதியின் அப்பா ராமகாளி பெரிய வைத்தியர், நியாயஸ்தர், மகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். வழியில் ஒரு மாப்பிள்ளைப் பல்லக்கைப் பார்க்கிறார். உள்ளே இருப்பவன் பிழைக்க மாட்டான் என்று தெரிந்துவிடுகிறது. குறித்த முகூர்த்தத்தில் தாலியேறாவிட்டால் அந்தப் பெண்ணின் கதி அவ்வளவுதான், குடும்பத்துக்கும் தீராத பழி. உடனே தன் அண்ணன் மகனைக் கூட்டிப் போய்க் கல்யாணத்தை முடித்துவைக்கிறார். அவனுக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள், சாரதா. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரே ராமகாளியைக் கையெடுத்துக் கும்பிடுகிறது.

இதைப் படித்தபோது அம்மா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "எங்கப்பாவும் நல்லவர்தான்" என்றார்.

தாத்தாவைப் பற்றி எப்போது பேசினாலும் அம்மா இப்படித்தான் தொடங்குவார். ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் தாத்தாவிடம்தான் வரும். யாருக்கும் அநியாயம் செய்ததில்லை என்பார்கள். அம்மா பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது நல்ல இடம் வந்தது. பேசி முடித்துவிட்டுத்தான் வீட்டில் சொன்னாராம். பள்ளிக்கூடத்தில் அம்மா நோட்டில் பாதி எழுதியிருந்த தாவரவியல் படம் அப்படியே நின்றுபோனது. செம்பருத்திப் பூவின் குறுக்குவெட்டு. நாற்பது வருடமாகக் கேட்டுவரும் "நல்லவர்தான்" என்ற சொல்லுக்குள் என்ன இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இந்த நாவலில் கெட்டவர்கள் இல்லாமல் இல்லை. சத்யவதியின் மாமியார் எலோகேஷி ஒருத்தி போதும். ஆனால் அவளை எதிர்த்து நிற்க சத்யவதிக்குத் தெரியும். அன்பான மனிதர்கள், நல்லது என்று நம்பிச் செய்வதை எப்படி எதிர்ப்பது? ஆஷாபூர்ணா ராமகாளியை ஒரு இடத்திலும் மட்டம் தட்டவில்லை. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

(இனி முடிவைச் சொல்கிறேன், வேண்டாதவர்கள் கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள்.) கல்கத்தாவில் வைத்துப் படிக்க வைத்த மகள் சுவர்ணலதாவுக்கு, ஒன்பது வயதில், தாய்க்கே தெரியாமல் கல்யாணம் செய்துவிடுகிறார்கள். சத்யவதி எல்லாவற்றையும் விட்டுக் காசிக்குக் கிளம்பிவிடுகிறாள். அம்மாவுக்கு வந்ததே கோபம். "அந்தப் பொண்ணை அவங்ககிட்ட விட்டுட்டு இவ எப்படிப் போகலாம்?" என்றார். இருந்திருந்தால் அந்தக் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதாக ஆகாதா என்று நான் கேட்டேன். இன்றுவரை எங்களுக்குள் இது தீரவில்லை.

படிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: தொடக்கத்தில் அத்தை, பெரியம்மா, பாட்டி என்று ஏகப்பட்ட பேர் வருவார்கள். ஒரு தாளில் உறவுமுறையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எழுதிய தாளில் சாரதாவின் பெயருக்குக் கீழே மட்டும் அம்மா கோடு போட்டிருக்கிறார்.