ஸ்டெப்னிக்கும் வயசாகும்

கேள்வி: என்னிடம் 2017 மாடல் பொலேரோ இருக்கிறது. போடியிலிருந்து போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு வாரம் மூன்று தடவை ஏறி இறங்குகிறேன். கடைசி நாலு கிலோமீட்டர் மண்பாதை, மழை வந்தால் ஒரே சேறு. நாலு டயரும் மொட்டை. கடைக்காரர் 215 மி.மீ. அகல டயருக்குப் பதிலாக 235 போடச் சொல்கிறார். ஸ்டெப்னி தரையையே தொட்டதில்லை, அதைச் சேர்த்துக்கொண்டு மூன்று மட்டும் வாங்கினால் போதாதா?
- வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: முதலில் அந்த ஸ்டெப்னியைப் பாருங்கள். பக்கவாட்டில் சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 1417 என்றால் 2017இன் 14ஆவது வாரத்தில் தயாரானது. வண்டியோடு வந்ததுதான் என்றால், தரையைப் பிடிக்கும் பட்டன் தேயாமல் அப்படியே இருந்தாலும் இத்தனை வருஷம் பின்கதவில் தொங்கி வெயில் குடித்த ரப்பர் அது, இறுகிப்போயிருக்கும், பட்டன் இடுக்கில் மெல்லிய வெடிப்புகூடத் தெரியலாம். அதை நம்பி மலை இறங்காதீர்கள். நாலும் புதுசாக வாங்குங்கள், முடிந்தால் ஐந்து. இப்போதைக்குப் பணம் இரண்டுக்குத்தான் வரும் என்றால் அந்த இரண்டும் பின்னால் போகட்டும், ஏனென்றால் முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரிந்துவிடும், பின்சக்கரம் வழுக்கினால் தெரிவதற்குள் வண்டியே திரும்பி நிற்கும். மற்ற இரண்டை மழைக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும்.

அப்புறம் அந்த 235. 215/75 ஆர்15 டயரின் உயரம் சுமார் 70 செ.மீ., 235/75 போட்டால் 73. வண்டி உயருவது ஒன்றரை சென்டிமீட்டர்தான். அதற்கு விலையாக ஏற்றத்தில் இழுவை குறையும், மீட்டர் 60 காட்டும்போது 62, 63இல் போய்க்கொண்டிருப்பீர்கள், கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளே உரசவும் வாய்ப்பு உண்டு. பார்க்க கம்பீரமாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய சைஸே போதும்.

மாற்ற வேண்டியது ரகத்தைத்தான். எச்/டி தார் ரோட்டுக்கானது, உங்கள் சேற்றில் நாலு சுற்றிலேயே பட்டன் அடைத்துக்கொள்ளும். எம்/டி சேற்றில் ராஜா, நனைந்த தார் ரோட்டில் பிடிப்பு குறைவு, சத்தமும் தாங்காது. உங்கள் பாதையில் பெரும்பகுதி தார்தானே? தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏ/டி கேட்டு வாங்குங்கள். மைலேஜ் கொஞ்சம் அடிபடும். பழைய டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மெண்ட் பார்க்காமல் புதுசை மாட்டாதீர்கள், அதையும் தின்றுவிடும்.

கேள்வி: காய்கறி ஏற்றும் பிக்கப்புக்கு விலை குறைவாக இருக்கிறதே என்று கார் டயர் போடலாமா?
- வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: வேண்டவே வேண்டாம். சைஸுக்குப் பின்னால் 100 என்று இருந்தால் அந்த டயர் தாங்குவது 800 கிலோ. மூட்டைகளின் பாரத்தில் பெரும்பங்கு பின்சக்கரம் இரண்டின் மேல்தான் உட்காரும், சித்திரை வெயிலில் நாலுவழிச் சாலையில் சூடேறி வெடித்தால் தக்காளியோடு வண்டியும் போகும். எல்டி, அதாவது லைட் டிரக், என்று எழுதிய டயராகப் பார்த்து, அதன் பலத்தைச் சொல்லும் பிஆர் எண் 8ஆ 6ஆ என்பதைப் பழைய டயரில் இருப்பதுபோலவே வாங்குங்கள், காற்றையும் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து அடியுங்கள்.

கேள்வி: நைட்ரஜன் அடித்தால் டயர் அதிக நாள் உழைக்குமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அம்மா. இலவசமாக அடித்தால் அடித்துக்கொள்ளுங்கள்.