கருப்பை உட்சவ்வு 6.2 மி.மீ. என்றால் குழந்தை தங்காதா?

கேள்வி: எனக்கு வயது 32. தக்கலைப் பக்கம் ஒரு கிராமம். திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் உண்டான கரு பத்தாவது வாரத்தில் கலைந்ததால், ஆஸ்பத்திரியில் கருப்பையைச் சுத்தம் செய்தார்கள். மிச்சம் இருக்கிறது என்று அடுத்த மாதம் மறுபடியும் செய்தார்கள். அதற்குப் பிறகு மாதவிடாய் இரண்டே நாளில் முடிந்துவிடுகிறது. மீண்டும் கரு உண்டாகவில்லை. இப்போது நாகர்கோவிலில் சோதனைக்குழாய் சிகிச்சை பெறுகிறேன். மூன்று கருக்களை உறைய வைத்திருக்கிறார்கள். உட்சவ்வு 6.2 மி.மீ. அளவே வளர்ந்திருப்பதாகச் சொல்லி, இரண்டு மாதமாகக் கரு வைப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். கருப்பைக்குப் பலம் இல்லை என்று மாமியார் தினமும் உளுந்தங்களி கிண்டித் தருகிறார். உட்சவ்வு 8 மி.மீ. வராமல் குழந்தை தங்காதா? மூன்றையும் ஒரேயடியாக வைத்துவிடச் சொல்லலாமா?

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் 6.2 என்ற எண்ணைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கோ, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் வேறொரு வரிதான் முக்கியமாகப் படுகிறது: சுத்தம் செய்த பிறகு மாதவிடாய் இரண்டே நாளில் முடிந்துவிடுகிறது. இதை உங்கள் மருத்துவரிடம் சொன்னீர்களா? சொல்லாவிட்டால், அடுத்த முறை வேறு எதையும் பேசுவதற்கு முன் இதைச் சொல்லுங்கள்.

கரு ஒட்டி வளரும் கருப்பை உட்சவ்வில் இரண்டு அடுக்குகள் உண்டு. மேலடுக்கு மாதந்தோறும் உதிர்கிறது. அடியடுக்கு அப்படியே இருந்து, அதிலிருந்து புதிய சவ்வு வளர்கிறது. நம் ஊர் வாழைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். குலை வெட்டிய மரம் போனாலும், மண்ணுக்குள் கிழங்கு இருந்தால் பக்கக்கன்று வந்துவிடும். கிழங்கிலேயே வெட்டு விழுந்துவிட்டால் மேலே எவ்வளவு உரம் போட்டும் பயனில்லை. கருச்சிதைவுக்குப் பின் கருப்பையைச் சுரண்டும்போது, அதிலும் சில வார இடைவெளியில் இரண்டாம் முறை சுரண்டும்போது, இந்த அடியடுக்கு சிலருக்குக் காயப்படும். காயம் ஆறும்போது முன்சுவரும் பின்சுவரும் ஆங்காங்கே ஒட்டிக்கொள்ளும். 1948-ல் ஜோசப் ஆஷர்மன் என்ற மருத்துவர் இதை விரிவாக எழுதினார். இன்றும் அவர் பெயராலேயே இதைக் குறிப்பிடுகிறோம். மாதவிடாய் குறைந்துபோவது இதன் முதல் அடையாளங்களில் ஒன்று. உங்களுக்கு இருப்பது இதுதான் என்று கடிதத்தை மட்டும் வைத்து நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இதைப் பார்க்காமல், சவ்வை வளர்க்கத் தரும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மாத்திரையின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போவது சரியல்ல.

பார்க்கும் வழி ஹிஸ்டெரோஸ்கோப்பி. மெல்லிய குழாய்க் கேமராவைக் கருப்பை வாய் வழியாகச் செலுத்தி உள்ளே நேரில் பார்ப்பது. வயிற்றில் கீறல் இல்லை. பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். மாதவிடாய் முடிந்த சில நாட்களுக்குள், சவ்வு மெல்லியதாக இருக்கும்போது செய்வார்கள். ஒட்டு இருந்தால் அதே நேரத்தில் பிரித்தும் விடலாம். பிறகு சில வாரம் ஈஸ்ட்ரோஜன் கொடுத்துச் சவ்வு வளர நேரம் தருவார்கள். ஒட்டு திரும்பவும் வரக்கூடும் என்பதால், சிலருக்கு மறுபடியும் கேமராவில் பார்க்க வேண்டியிருக்கும். அங்கேயே சிறிதளவு சதை எடுத்துக் காசநோய்க்கும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இருமலோ காய்ச்சலோ இல்லாமலேயே கருப்பைக்குள் காசநோய் இருக்கலாம். நம் நாட்டில் அதை மறந்துவிடக் கூடாது.

இனி அந்த எண். அதை எப்படி அளக்கிறோம் என்று தெரிந்தால் உங்கள் பயம் கொஞ்சம் குறையும். ஸ்கேன் திரையில் கருப்பையை நீளவாக்கில் நிறுத்தி, சவ்வு மிகத் தடிப்பாகத் தெரியும் இடத்தில் இந்தக் கரையில் ஒரு புள்ளி, அந்தக் கரையில் ஒரு புள்ளி வைக்கிறோம். விரல் ஒரு மயிரிழை விலகினால் அரை மில்லிமீட்டர் மாறிவிடும். நான் 6.2 என்று அளப்பதை இன்னொருவர் 6.8 என்று அளக்கலாம். இருவருமே தவறு செய்யவில்லை. எண்ணோடு, சவ்வு மூன்று கோடுகளாகத் தெளிவாகத் தெரிகிறதா என்றும் கேளுங்கள். அது நல்ல அறிகுறி.

8 வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. உறைய வைத்த கருவுக்கு 7 மி.மீ. அளவைத் தாண்டினால் போதும். அதற்கு மேல் 9 ஆனாலும் 10 ஆனாலும் வாய்ப்பு பெரிதாகக் கூடுவதில்லை. 7-க்குக் கீழே வாய்ப்பு குறைகிறது, கருச்சிதைவும் சற்று அதிகம். ஆனாலும் 5, 6 மி.மீ. அளவில் கருத்தரித்துப் பிள்ளை பெற்றவர்கள் உண்டு. கருவின் தரமும், முட்டை எடுத்தபோது உங்களுக்கு இருந்த வயதும் மில்லிமீட்டருக்குக் குறையாத முக்கியத்துவம் உள்ளவை.

உங்கள் மருத்துவர் தள்ளிப்போட்டது நல்லதுதான். உறைநிலையில் இருக்கும் கருவுக்கு வயதாவதில்லை. இரண்டு மூன்று மாதம் காத்திருப்பதால் ஒன்றும் குறையாது. மூன்றையும் ஒரேயடியாக வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். தங்காவிட்டால் மூன்றும் போய்விடும். தங்கினால் இரட்டை, மூன்று என்று குறைப்பிரசவத்தில் கொண்டுபோய் விடலாம்.

உள்ளே ஒட்டு இல்லை என்று தெரிந்தால் வேறு வழிகள் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜனை இன்னும் ஒரு வாரம் நீட்டிக்கலாம். மாத்திரைக்குப் பதில் தோலில் ஒட்டும் பட்டையாகத் தரலாம். மாதவிடாய் ஒழுங்காக வருகிறவருக்கு, இயற்கையாக முட்டை வெளிவரும் மாதத்திலேயே கருவை வைக்கலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான். சொந்த இரத்தத்திலிருந்து தட்டணுக்களைப் பிரித்துக் கருப்பைக்குள் செலுத்துவது, சில்டெனாஃபில் மாத்திரை போன்றவற்றுக்கு இன்னும் உறுதியான ஆதாரம் இல்லை. பெருந்தொகை கேட்டால் யோசித்துச் செய்யுங்கள். கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்த வரலாறோ, கடும் ஒற்றைத் தலைவலியோ இருந்தால் ஈஸ்ட்ரோஜனைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மாமியார் கிண்டித் தரும் உளுந்தங்களியைச் சாப்பிடுங்கள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்ந்த நல்ல உணவு அது. ஆனால் அது சவ்வைத் தடிப்பாக்காது. உங்கள் கருப்பைக்குப் பலமில்லை என்ற பேச்சும் சரியல்ல. காயம் பட்டிருக்கலாம், அவ்வளவுதான். அதில் உங்கள் குற்றம் ஏதுமில்லை. முடிந்தால் அடுத்த முறை மாமியாரையும் அழைத்துப் போங்கள். மருத்துவர் வாயால் ஒரு முறை கேட்டால் வீட்டில் பேச்சு மாறும்.

சுத்தம் செய்த ஆஸ்பத்திரிகளின் டிஸ்சார்ஜ் தாள்கள் இரண்டையும் தேடி எடுத்து வையுங்கள். அடுத்த மாதவிடாய் வந்த முதல் நாளே உங்கள் மருத்துவமனைக்குப் போன் செய்து, ஹிஸ்டெரோஸ்கோப்பிக்குத் தேதி கேளுங்கள்.