பனிக்காலம் முழுக்க நிற்கும் கார்

கேள்வி: என் பழைய காரை நவம்பர் முதல் ஏப்ரல் வரை கராஜில் நிறுத்தப் போகிறேன். பெற்றோலில் ஸ்டெபிலைசர் (பெற்றோல் கெடாமல் காக்கும் திரவம்) கலக்கத்தான் வேண்டுமா?
– வாசகர், ஸ்காபரோ

பதில்: கட்டாயம் கலவுங்கள், தம்பி. ஒரு வருஷம் நான் கலக்காமல் விட்டேன். வசந்தத்தில் கார்புரேட்டரை (இன்ஜினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பாகம்) கழற்றினால், உள்ளே பிசின்மாதிரி மஞ்சள் படிவு! நாள்பட நின்றால் பெற்றோல் காற்றுப்பட்டுக் கெடும். அதிலுள்ள எத்தனால் என்ற ஆல்கஹால் ஈரத்தை இழுக்கும்.

முதலில் ஸ்டெபிலைசரை ஊற்றி, அதன்மேல் புதுப் பெற்றோலை நிரப்புங்கள், நன்றாகக் கலக்கும். அளவு போத்தலிலேயே இருக்கும். பிறகு 10 நிமிடமாவது ஓட்டுங்கள். அப்போதுதான் கலந்த பெற்றோல் இன்ஜின்வரை போய்ச் சேரும். பலர் விடுவது இதைத்தான். பூட்டிய கராஜுக்குள் மட்டும் இன்ஜினை ஓடவிடாதீர்கள், புகை உயிரைக் குடிக்கும். ஏற்கெனவே கெட்ட பெற்றோலை ஸ்டெபிலைசர் திருத்தாது.