நகையை அடகு வைத்துத் தேர்தல் பந்தயமா?

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். கிலோ 800 ரூபாய், மாதம் 60 கிலோ போகிறது. சாமான் செலவு 20,000 போக 28,000 லாபம். 2022-ல் 10 பவுனை அடகு வைத்து 2.8 லட்சம் வாங்கினோம். விலை ஏற ஏற மாற்றி வைத்ததில் இப்போது கடன் 5.6 லட்சம், வட்டி 12 சதவீதம். வட்டியைத் தவறாமல் கட்டிவிடுகிறோம். கூடுதலாக வந்ததில் 1.9 லட்சத்தைக் கொழுந்தனாரிடம் ஆப்ஷன் டிரேடிங்குக்கு (மார்க்கெட் ஏறும், இறங்கும் என்று பந்தயம் கட்டுவது போன்ற வியாபாரம்) கொடுத்தோம், 40,000 திரும்பியது. தேர்தல் முடிவு அன்று மார்க்கெட் நிச்சயம் ஏறும், இன்னும் 1.5 லட்சம் கொடுத்தால் ஓவன் வாங்கும் பணம் ஒரே நாளில் வந்துவிடும் என்கிறார். இன்றைய விலைக்கு நகை மேல் அவ்வளவு கிடைக்கும். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. ஆப்ஷன் ஆபத்தானது என்று உங்களுக்கே தெரியும். இல்லாவிட்டால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். எனக்குக் கவலை தருவது வேறு. தங்கம் ஏறும்போதெல்லாம் நகையை மாற்றி வைத்து வித்தியாசத்தை வருமானம் போல எடுக்கிறீர்களே, அந்தப் பழக்கம். நான்கு வருடம் வட்டி கட்டியும் அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை, இரண்டு மடங்காகிவிட்டது. நகை அதே 10 பவுன்தான்.

தங்கம் இறங்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். 2011-ல் அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்டது, 2015 முடிவில் 1,050 டாலர் அருகே கிடந்தது. ரூபாயும் மதிப்பிழந்ததால் இங்கே அடி பெருமளவு குறைந்தது, அவ்வளவுதான். உச்ச விலைக்கு முழுசாகக் கடன் வாங்கியவருக்கு 15 சதவீத இறக்கமே போதும்: வித்தியாசத்தைக் கட்டு என்று கடிதம் வரும், அடுத்து ஏல நோட்டீஸ்.

இனி தேர்தல். 2004 மே 17 அன்று, ஆட்சி மாறப்போகிறது என்றதும் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 11 சதவீதம் விழுந்தது. 2009-ல், அன்று ஆட்சிக்கு வந்த கூட்டணியே மறுபடி வென்றபோது ஒரே நாளில் 17 சதவீதம் ஏறியது. 2024 ஜூன் 3-ல் கருத்துக்கணிப்பை நம்பி, இன்னொரு குறியீடான நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணும்போது கிட்டத்தட்ட 6 சதவீதம் சரிந்தது. அந்த முறை பிரதமரும் மாறவில்லை, ஆளும் கூட்டணியும் மாறவில்லை. யார் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்னவரும் பணத்தை விட்டார்.

திசையைக்கூட சரியாகச் சொல்லித் தோற்கலாம். முடிவுக்கு முன் எல்லோரும் ஆப்ஷன் வாங்குவதால் பிரீமியம், அதாவது ஆப்ஷனின் விலை, வீங்கிப்போய் இருக்கும். நிஃப்டி 24,000-ல் இருக்கும்போது மூன்று நாளில் முடியும் கால் ஆப்ஷனை (மார்க்கெட் ஏறும் என்று வாங்குவது) 260 ரூபாய்க்கு வாங்கியதாக வையுங்கள். மறுநாள் நிஃப்டி 150 புள்ளி ஏறுகிறது, ஆனால் பதற்றம் அடங்கிவிட்டது. பிரீமியம் 200 பக்கம் வந்து நிற்கும். மார்க்கெட் ஏறியும் உங்கள் 1.5 லட்சத்தில் 35,000 போய்விடும். 2023-24 வரையான மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஆப்ஷனும் அதைப் போன்ற ஃபியூச்சரும்) செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் ஆய்வே சொல்கிறது. கொழுந்தனார் மீதி 7 சதவீதத்தில் இல்லை என்பதற்கு, வராமல் போன உங்கள் ஒன்றரை லட்சமே சாட்சி. உங்கள் டிரேடிங் கணக்கில் அவர் டிரேட் செய்கிறார் என்றால் இன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

அந்த 28,000 லாபமும் லாபமில்லை. பெட்டி, போர்டு 3,000, கரண்ட் 1,500, டெலிவரி பெட்ரோல் 3,000 கழியுங்கள். மிச்சம் 20,500. வட்டி 5,600 போனால் கையில் 15,000. தினம் ஆறு மணி நேரம், மாதம் 26 நாள் உழைக்கிறீர்கள் என்றால் மணிக்கு நூறு ரூபாய்கூடத் தேறவில்லை. வீட்டில் செய்வதால் செலவே இல்லை என்று நினைப்பவர்கள் இரண்டு மாதக் கரண்ட் யூனிட் 500-ஐத் தாண்டும்போது பில்லைப் பார்க்க வேண்டும். கீழ் ஸ்லாபின் மலிவு விலையும் சேர்ந்து போய்விடும்.

முதல் வேலையாக, 9 சதவீதம் அளவில் தரும் வங்கிக்கு நகைக் கடனை மாற்றுங்கள். மாற்றும்போது 10 பவுனையும் ஒரே அடகுச் சீட்டில் வைக்காதீர்கள். வளையல் ஒரு சீட்டு, ஆரம் ஒரு சீட்டு என்று மூன்று நான்காகப் பிரியுங்கள். சின்னச் சீட்டை முதலில் மீட்கலாம்; மீட்ட நகை லாக்கருக்குப் போகட்டும், திரும்ப அடகுக்கு வேண்டாம். மாதம் 18,000 கட்டினால் 36 மாதத்தில் முழுதும் முடியும். இப்போதைய 12 சதவீதத்திலேயே விட்டால் இரண்டு மாதம் கூடும். வட்டி வித்தியாசத்தைவிட, அசலைக் கட்டத் தொடங்குவதுதான் இங்கே முக்கியம். வீட்டுச் செலவு இடம் தராவிட்டால் 12,000-ல் ஆரம்பியுங்கள். நாலே முக்கால் வருடம் ஆகும். கொழுந்தனாரிடம் தனியாக மறுக்கச் சங்கடமாக இருந்தால், "நகையெல்லாம் தனித்தனிச் சீட்டாகிவிட்டது, அசல் கட்டிக்கொண்டிருக்கிறோம்" என்று கணவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஓவன் விஷயத்துக்கு வருகிறேன். தினம் இரண்டு கிலோவுக்கு 60 லிட்டர் ஓடிஜியே (வீட்டு மின்சார ஓவன்) தாராளம். ஒரே தடவையில் இரண்டு டின் வைக்கலாம், ஒரு மணி நேர வேலை. உங்கள் நேரத்தைத் தின்பது கிரீம் அடிப்பதும் ஐசிங்கும். பேக்கரிகளில் வைக்கும் மின்சார டெக் ஓவனுக்குப் பல சமயம் த்ரீ ஃபேஸ் கேட்பார்கள், அந்தச் செலவை விற்பவர் விலையில் சேர்த்துச் சொல்ல மாட்டார். இரண்டு சீட்டு மீண்ட பிறகு ஆர்டர் தினம் ஐந்து கிலோவுக்கு உயர்ந்து நிலைத்தால், முதலில் கிரீம் அடிக்க ஒரு 7 லிட்டர் பிளானட்டரி மிக்சரைப் பாருங்கள். அதையும் கேக் பணத்திலேயே வாங்குங்கள்.