0.62 வந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் மக்களின் உணவுப் பழக்கத்துக்கு ஏற்றபடி, பெரியவர்களுக்காக, எந்த உணவை எவ்வளவு அடிக்கடி சாப்பிடுகிறார்கள் என்று கேட்கும் ஒரு வினாப்பட்டியல் தயாரித்தேன். முந்தைய நாள் சாப்பிட்டதை எல்லாம் கேட்டுப் பதியும் 24 மணி நேர நினைவுகூரலோடு ஒப்பிட்டதில் புரதத்துக்கு ஒட்டுறவு (correlation) 0.62 வந்தது. பட்டியல் துல்லியமானது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?
- ஊட்டச்சத்துத் துறை மாணவி

பதில்: எழுதிவிடாதீர்கள். உழைத்துத்தான் அந்த எண்ணை எடுத்திருக்கிறீர்கள், ஆனால் அது சொல்லும் சேதி வேறு. ஒரு முறையில் அதிகமாகச் சாப்பிடுகிறவராகத் தெரிபவர் மற்றதிலும் பெரும்பாலும் மேலே வருகிறார், அவ்வளவுதான். எல்லோருடைய அளவையும் சரிபாதியாகக் குறைத்துக் காட்டும் பட்டியலுக்கும் அதே 0.62 வரும். அதனால்தான் பிளாண்டும் ஆல்ட்மனும் என்ற புள்ளியியலாளர்கள் 1986-இல் விளக்கிய வரைபடத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு அளவுகளின் சராசரி ஒரு அச்சில், வித்தியாசம் மற்றொரு அச்சில். அதிகம் சாப்பிடுகிறவர்களிடம் இடைவெளி விரிகிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

இன்னொரு சிக்கல். இரண்டு முறைகளுமே ஒரே ஆளின் நினைவை நம்பியவை. நேற்றுச் சொல்ல மறந்ததை அவர் பட்டியலிலும் மறப்பார். தவறுகள் ஒத்துப்போனால் ஒட்டுறவு பொய்யாக உயரும். வாய்வார்த்தையை நம்பாத அளவுகோல் ஒன்று வேண்டும். புரதத்துக்கு 24 மணி நேரச் சிறுநீரின் நைட்ரஜன் இருக்கிறது; சாப்பிட்ட புரதத்தின் நைட்ரஜன் பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. மொத்த ஆற்றலுக்குக் கன ஹைட்ரஜனும் கன ஆக்சிஜனும் (அவற்றின் எடை கூடிய வகைகள்) கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, அவை உடலை விட்டு வெளியேறும் வேகத்தை அறிய, சுமார் 2 வாரம் சிறுநீர் மாதிரிகளைப் பார்ப்பார்கள். செலவு அதிகம்தான். ஆனால் 1999-2000-இல் அமெரிக்காவில் 484 பேரிடம் அப்படிச் செய்தபோது, நினைவுகூரலிலேயே ஆண்கள் 12 முதல் 14 சதவீதமும் பெண்கள் 16 முதல் 20 சதவீதமும் ஆற்றலைக் குறைத்துச் சொல்லியிருந்தது தெரிந்தது. வினாப்பட்டியலில் இரு பாலாருமே 30 சதவீதத்துக்கு மேல் குறைத்திருந்தார்கள். அளக்கும் கோலே குட்டையாக இருக்கிறது, பாருங்கள்.

அப்புறம், 'மக்களுக்கு ஏற்றபடி' என்கிறீர்களே, அதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. என் முதல் பட்டியலில், வேறு மக்களுக்காக எழுதியதை எடுத்து உணவுப் பெயர்களை மட்டும் மாற்றினேன். ஒரு பாட்டி எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "நான் தினமும் சாப்பிடுவதை நீ கேட்கவே இல்லையே?" என்றார். அன்று இரவு தூக்கம் வரவில்லை. பிறகு வீடு வீடாகப் போய், பரிமாறும் கரண்டியைக் கேட்டு வாங்கித் தண்ணீர் ஊற்றி அளந்தேன். ஒரு வீட்டுக் கரண்டி இன்னொரு வீட்டுக் கரண்டியைப் போல இரண்டு மடங்கு பிடித்தது. 'ஒரு கரண்டி' என்ற பதிலை வைத்து நான் என்ன கணக்குப் போட்டிருப்பேன்! எண்ணெயும் உப்பும் எவ்வளவு என்று சாப்பிடுகிறவரைக் கேட்டுப் பயனில்லை, சமைக்கிறவரைக் கேட்க வேண்டும். ஒரே தட்டில் பலர் சேர்ந்து சாப்பிடும் வீடுகளுக்குத் தனிக் கேள்வியே தேவை.

எனவே பத்துப் பதினைந்து பேரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பதில் எழுதும்போதே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். 'எப்போதாவது' என்பதை ஒவ்வொருவரும் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று தெரியும். நினைவுகூரலை ஒரு நாளோடு நிறுத்தாமல், விடுமுறை நாள் ஒன்றையும் சேர்த்துத் தொடர்ச்சியில்லாத 3 நாட்களாவது எடுங்கள்.

வரைபடமும் ஒத்துழைத்தால், 'புரத அளவில் மக்களை வரிசைப்படுத்த உதவும்' என்று எழுதலாம். மற்ற சத்துகளைத் தனித்தனியே சோதிக்க வேண்டும். பட்டியலின் கடைசியில் 'வேறு ஏதாவது' என்று வெற்று வரிகள் விட்டிருந்தீர்களா? அதில் மக்கள் எழுதியதை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.