கர்ப்பப்பை லைனிங் வளரவில்லை என்றால் பி.ஆர்.பி. செய்துகொள்ளலாமா?

மாத்திரை எடுத்தும் லைனிங், அதாவது கர்ப்பப்பையின் உட்சவ்வு, 6 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை, பி.ஆர்.பி. (நம் இரத்தத்தின் தட்டணுக்களைச் செறிவாக்கிக் கர்ப்பப்பைக்குள் விடுவது) செய்யலாம் என்று மருத்துவர் சொல்கிறார், பலன் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் ஒரு முறையாவது உங்களுக்கு ஆய்வகத்தில் வளர்த்த கருவைக் கர்ப்பப்பைக்குள் வைப்பது தள்ளிப்போயிருக்கும் என்றும், வீட்டில் யாரிடமும் அதை முழுமையாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றும் நினைக்கிறேன். 2019ஆம் ஆண்டு முழுவதும் நான் அந்த நிலையில்தான் இருந்தேன். நான் மருத்துவர் இல்லை, ஈரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஆகவே இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாமல், அந்தப் படுக்கையில் இரண்டு முறை படுத்தவளின் வாக்குமூலமாகப் படியுங்கள்.

டெங்கு வந்தால் எண்ணிக்கை குறைந்துவிட்டதா என்று தினமும் பார்க்கிறோமே, அந்தத் தட்டணுக்கள்தாம் இந்தச் சிகிச்சையின் மூலப்பொருள். நம் கையிலிருந்தே 20 மில்லி அளவுக்கு இரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க மருந்து சேர்த்த குழாயில் விட்டு, இயந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்றுகிறார்கள். முதல் சுழற்சி முடிந்ததும் அங்கிருந்த சிஸ்டர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அடியில் கருஞ்சிவப்பும், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீரும், இரண்டுக்கும் நடுவே நூல் கனத்தில் வெளிறிய ஒரு படலமும் இருந்தன. "சிவப்ப விட்டுட்டு மேல இருக்கிறத மட்டும் எடுத்து இன்னொரு தடவ சுத்துவோம்மா" என்றார். இவ்வளவுக்குப் பிறகு ஊசிக்குழலில் மிஞ்சியது 1 மில்லிகூட இல்லை. அதை மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்குள் விட்டார்கள். மாதவிடாயின் முதல் நாள் போல அடிவயிற்றில் ஓர் இழுப்பு இருந்தது, அவ்வளவுதான். தட்டணுக்களுக்குள் இருக்கும் சில புரதங்கள் இரத்த நாளங்களையும் திசுக்களையும் வளரத் தூண்டும் என்பதே இதன் அடிப்படை.

நான் ஸ்கேன் அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மாதவிடாயின் இரண்டாம் நாளிலிருந்து ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, முதலில் நாளுக்கு 6 மில்லிகிராம், பிறகு 8. பன்னிரண்டாம் நாள் லைனிங் 5.8. அன்று முதல் பி.ஆர்.பி. இரண்டு நாள் கழித்து 6.3, அன்றே இரண்டாவது. அதற்கு மூன்று நாள் கழித்து 7.1. கரு வைக்கப் பொதுவாக 7 மில்லிமீட்டரைத்தான் எல்லையாக வைக்கிறார்கள் என்பதால் அந்த எண்ணைக் கேட்டதும் என் கணவர் காரிடாரிலேயே அழுதுவிட்டார். ஐந்து நாள் புரோஜெஸ்ட்ரோன் எடுத்த பிறகு உறைய வைத்திருந்த ஐந்தாம் நாள் கருவை உள்ளே வைத்தார்கள். பதினான்காம் நாள் பீட்டா டெஸ்ட், அதாவது கர்ப்பம் தங்கியதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை, நெகட்டிவ்.

லைனிங் வளர்ந்தது பொய்யில்லை. ஆனால் அந்த நோட்டில் இன்னொன்றும் எழுதியிருக்கிறேன். அதற்கு முந்தைய மாதம் ஒரே நாள் காலையில் ஒருவர் 6.2 என்றும், மாலையில் இன்னொருவர் 6.9 என்றும் அளந்தார்கள். அளப்பதிலேயே 0.7 வித்தியாசம் வருமென்றால், எனக்குக் கிடைத்த 1.3இல் எவ்வளவு பி.ஆர்.பி.யால், எவ்வளவு கூடுதலாக எடுத்த ஐந்து நாள் மாத்திரையால், எவ்வளவு அளந்த கையால் என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

அதன் பிறகு வேறொரு மருத்துவரிடம் சென்றோம். அவர் ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன்பே, "இதுக்கு முன்னாடி எதுவும் கலைஞ்சுதாம்மா? க்ளீன் பண்ணாங்களா?" என்று கேட்டார். 2016இல் ஒன்பதாம் வாரத்தில் கலைந்து, டி அண்ட் சி, அதாவது கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது, செய்திருந்தார்கள். அதற்குப் பிறகு நான்கு நாள் வந்துகொண்டிருந்த மாதவிடாய் ஒன்றரை நாளாகச் சுருங்கியிருந்தது. முதலில் பார்த்த இடத்தில் இதை யாரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. ஹிஸ்டிரோஸ்கோப்பியில், அதாவது கர்ப்பப்பைக்குள் மெல்லிய கேமரா குழாயை விட்டுப் பார்த்தபோது, உள்ளே தழும்பு ஒட்டிக்கொண்டிருந்தது. உட்சவ்வின் மேலடுக்கு மாதந்தோறும் உதிர்ந்து, அடியடுக்கிலிருந்து மறுபடி வளர்வது. சுரண்டும்போது அந்த அடியடுக்கு சிதைந்தால் அங்கே தழும்புதான் உருவாகும், அதன் மேல் எந்த மாத்திரையும் எளிதில் வேலை செய்யாது. 1948இல் இதை விரிவாக எழுதிய ஆஷர்மன் என்ற மருத்துவரின் பெயரிலேயே இந்த நிலை அழைக்கப்படுகிறது. நம் நாட்டில் கர்ப்பப்பைக் காசநோயும் இதே சேதத்தைச் செய்கிறது. ஒட்டியிருந்த தழும்பை வெட்டி நீக்கினார்கள். மூன்று மாதம் கழித்து, பி.ஆர்.பி. இல்லாமல், 6.8 மில்லிமீட்டரில் கரு வைத்தார்கள். என் மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள்.

இதைச் சொன்னால், "என் அக்காவுக்கு பி.ஆர்.பி.க்குப் பிறகுதான் குழந்தை தங்கியது" என்று எழுதுவீர்கள் என்று தெரியும். நான் மறுக்கவில்லை. தழும்பை நீக்கியதால்தான் எனக்குத் தங்கியது என்றும் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன், அடுத்த கரு நல்ல கருவாக இருந்திருக்கலாம். 2015இல் சீனாவில் லைனிங் வளராத ஐந்து பெண்களுக்கு இதைச் செய்து, ஐவருமே கருவுற்றதாக வந்த அறிக்கைதான் எல்லோருக்கும் நம்பிக்கை தந்தது. ஆனால் அந்த ஐவரோடு ஒப்பிட, பி.ஆர்.பி. கொடுக்கப்படாத ஐவர் அதில் இல்லை. பின்னர் ஈரான் முதலிய நாடுகளில் ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளும் வந்தன. அவற்றையெல்லாம் பார்த்த பிறகும், ஐரோப்பியக் கருத்தரிப்பு மருத்துவர்களின் அமைப்பான எஷ்ரே 2023இல் வெளியிட்ட பரிந்துரையில் இதை இப்போதைக்குப் பரிந்துரைக்கவில்லை. சொந்த இரத்தம் என்பதால் ஒவ்வாமை பயம் குறைவு. அந்த ஒரு காரணத்துக்காக இதை எளிதாகச் சரி என்று சொல்லிவிடுகிறோம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு முறைக்கும் சேர்த்து 30,000 ரூபாய் கட்டினோம். பில்லில் "சிறப்புச் சிகிச்சை" என்ற ஒற்றை வரிதான் இருந்தது. இது இன்னும் உறுதியாக நிரூபிக்கப்படாதது என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அப்போதும் நான் சம்மதித்திருப்பேன். சொல்லாமல் விட்டதுதான் இன்றும் ஆறவில்லை.

ஆகவே, சகோதரி, பி.ஆர்.பி. வேண்டுமா வேண்டாமா என்பதற்கு முன், லைனிங் ஏன் வளரவில்லை என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஹிஸ்டிரோஸ்கோப்பி செய்து பார்த்தார்களா, உட்சவ்வைக் காசநோய்க்குப் பரிசோதித்தார்களா என்றும் கேளுங்கள். எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, கையில் ஒன்றிரண்டு கருக்கள்தாம் மிச்சம் என்ற நிலையில் நீங்கள் இதைச் செய்துகொண்டால் அதைத் தவறென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. முன்பு எப்போதாவது சுத்தம் செய்திருந்தால், அந்த டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுங்கள். என்னுடையதை வாங்க நான் அந்தப் பழைய மருத்துவமனைக்கு மூன்று முறை நடந்தேன். இல்லை என்று சொன்னால் விடாதீர்கள், அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது அது உங்கள் ஃபைலில் முதல் பக்கமாக இருக்கட்டும்.