வலிப்பு நோய் ஆய்வில் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் ஏன் முக்கியமானவர்?

மூளை செல்கள் ஒரு கூட்டமாகத் திடீரென, அளவுமீறி மின் துடிப்புகளை வெளியிடுவதுதான் வலிப்பு. இதற்கு அடிப்படையான விளக்கத்தை 1873-இலேயே எழுதியவர் லண்டன் மருத்துவர் ஜான் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் (1835–1911). அப்போது ஸ்கேன் கிடையாது, மூளையின் மின் துடிப்பைப் பதிவுசெய்யும் இஇஜி கிடையாது. நோயாளியின் பக்கத்தில் இருந்து பொறுமையாகப் பார்த்ததுதான் அவருடைய ஆய்வு!

சிலருக்கு வலிப்பு கட்டைவிரலில் துடிப்பாகத் தொடங்கி, கை, முகம், கால் என்று வரிசையாக நகர்வதைக் கவனித்தார். சரவெடியின் நுனியில் பற்றவைத்தால் அடுத்தடுத்த வெடிதானே வெடிக்கும்? அதுபோல மூளையிலும் தூண்டல் பக்கத்து இடத்துக்குப் பரவுகிறது. அப்படியானால் உடலின் ஒவ்வொரு பாகத்துக்கும் மூளையில் ஓர் இடம் இருக்க வேண்டும் என்று 1870-க்கு முன்பே ஊகித்தார். 1870-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஷ், ஹிட்சிக் இருவரும் நாயின் மூளையில் மின்சாரம் செலுத்திப் பார்த்தபோது அது சரியென்று தெரிந்தது. அப்புறம் 1886-இல், வலிப்பு தொடங்கும் விதத்தை வைத்தே மூளையில் அது கிளம்பும் இடத்தைக் கணித்து லண்டன் அறுவை மருத்துவர் விக்டர் ஹார்ஸ்லி அறுவை செய்தார்.

கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது தவறு: பெரும்பாலான வலிப்பு சில நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும், பெயர் மட்டும் இரும்புக்குப் போகிறது.